டவுன் பஸ்ஸில் முதலில் தடுமாறுவது காதுக்குள் இருக்கும் கல்

பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு டவுன் பஸ்ஸில் வேலைக்கு வந்துபோகும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் பிரேக் அடித்தால் என் அம்மா விழப் பார்க்கிறார். கண்டக்டரோ ஒரு கையில் டிக்கெட், மறு கையில் சில்லறை, எதையும் பிடிக்காமல் கூட்டத்துக்குள் நடக்கிறார். எல்லாம் பழக்கம்தானா, இல்லை வேறு ஏதாவது இருக்கிறதா?"

பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கம் உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிப்போனால் ஓர் அருமையான இயந்திரத்திடம் போய் நிற்போம்.

நியூட்டனின் முதல் விதியைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம், அதற்குச் சொல்லும் உதாரணமே பஸ்தான். அதனால் கணக்குக்குப் போய்விடலாம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் 4 வினாடியில் நின்றால் வேகம் குறையும் வீதம் சுமார் 2 மீ/வி². நான்கு ரோட்டில் ஒரு பைக் குறுக்கே புகுந்து, டிரைவர் 2 வினாடியில் நிறுத்த வேண்டி வந்தால் அது 4-ஐத் தாண்டும். 150 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 80 செ.மீ. உயரத்தில் இருக்கும். கால்களைச் சேர்த்து வைத்து முன்பக்கம் பார்த்து நின்றால், பாதத்தின் நடுவிலிருந்து விரல் நுனி வரை 12 செ.மீ.தான். இந்த அளவுகளை வைத்துப் பார்த்தால், 1.5 மீ/வி²-ஐத் தாண்டியதுமே ஆள் சாய வேண்டும். ஒரு சாதாரண ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போதே நாம் எல்லோரும் விழுந்திருக்க வேண்டும். விழாமல் நிற்கிறோமே, அதற்குத்தான் விளக்கம் தேவை.

விளக்கம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் கேட்பதற்கான சுருளுக்குப் பக்கத்திலேயே யூட்ரிக்கிள், சாக்கியூல் என்று இரண்டு சின்னப் பைகள் உண்டு. இரண்டிலும் திரவம் நிறைந்திருக்கும். உள்ளே ஒரு ஜெல்லிப் படலம். அதன் மேல், நுங்கின் மேல் சர்க்கரைத் தூள் தூவியது போல, ஆயிரக்கணக்கான படிகங்கள். ஒவ்வொன்றும் சுமார் நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். அத்தனையும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் நிஜமாகவே கல் இருக்கிறது!

ஏன் கல்? சுற்றியுள்ள திரவத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்குக்கு மேல் அடர்த்தி வேண்டும் என்பதற்காக. பஸ் பிரேக் பிடிக்கிறது, கால் நிற்கிறது, மண்டையோட்டின் வேகமும் குறைகிறது. ஆனால் கனமான அந்தக் கற்கள் பழைய வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கின்றன. பஸ்ஸுக்குள் நமக்கு நடக்கும் அதே தடுமாற்றம், நமக்குள் அவற்றுக்கு நடக்கிறது. கல் நகர்ந்தால் ஜெல்லி இழுபடும். ஜெல்லிக்குள் நுழைந்திருக்கும் நுண்ணிய ரோமங்கள் வளையும். ரோமம் வளைந்தால் அதன் அடியிலுள்ள செல்லில் அயனிக் கதவுகள் திறந்து பொட்டாசியம் உள்ளே பாயும், நரம்பில் சமிக்ஞை கிளம்பும்.

இன்னும் ஒரு நுணுக்கம். ஒவ்வொரு ரோம செல்லிலும் ரோமங்கள் குட்டையிலிருந்து நெட்டை வரை படி வைத்தது போல் வரிசையாக நிற்கும். நெட்டை ரோமத்தின் பக்கம் வளைந்தால் சமிக்ஞை கூடும், எதிர்ப்பக்கம் வளைந்தால் குறையும். பல செல்கள் பல திசைகளைப் பார்த்து நிற்பதால், யார் யார் கூவினார்கள், யார் அடங்கினார்கள் என்பதை வைத்தே மூளை திசையையும் அளவையும் தெரிந்துகொள்கிறது. முன்பின், பக்கவாட்டு அசைவுகளுக்கு யூட்ரிக்கிள். ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடுவதைச் சொல்ல சாக்கியூல். பைபாஸில் பஸ் ஒரே வேகத்தில் ஓடும்போது கற்கள் தம் இடத்தில் அமைதியாக இருக்கும். அவற்றுக்கு வேகம் தெரியாது, வேக மாற்றம்தான் தெரியும். சமிக்ஞை கிடைத்ததும் நாம் யோசிக்கும் முன்பே கெண்டைக்கால் தசை இறுகிவிடும். எல்லாம் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில். பாதமும் கணுக்காலும் தரும் தகவலும், கண்ணும் கூடவே வேலை செய்கின்றன.

இனி கண்டக்டருக்கு வருவோம். அவர் காதிலும் இதே கற்கள்தான். வேறுபாடு, அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரிகிறது என்பதில். எந்தத் திருப்பத்தில் பஸ் சாயும், எங்கே பள்ளம் என்பது அவருக்கு மனப்பாடம். எல்லாவற்றுக்கும் மேல், விசில் கொடுப்பவரே அவர்தான். பஸ் கிளம்பப் போகிறது என்பது பஸ்ஸில் உள்ள எல்லோரையும்விட அவருக்கு முதலில் தெரியும். மூளை அதற்கு முன்பே தசைகளுக்கு உத்தரவு போட்டுவிடும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்: விசிலை வாயில் வைக்கும்போதே அவர் கால் அகன்றிருக்கும், இடுப்பு ஏதாவது ஒரு சீட்டில் சாய்ந்திருக்கும்.

வாசகியின் அம்மாவுக்கு இதெல்லாம் எதிர்த்திசையில் நடக்கிறது. வயதாக ஆக ரோம செல்கள் குறையும், கற்களும் தேயும். சர்க்கரை நோய் நாளானால் பாதத்தின் உணர்ச்சி மங்கும். கண்புரை இருந்தால் கண்ணும் கை கொடுக்காது. கூட்டம் வேறு. ஜன்னல் வழியே வெளியே உள்ள மரமும் கடையும் தெரிந்தால்தான் கண் அசைவைச் சொல்ல முடியும். நாலு பக்கமும் முதுகுகள் மட்டும் தெரிந்தால், அவையும் பஸ்ஸோடு சேர்ந்தே போவதால், எல்லாம் அசையாமல் நிற்கிறது என்று கண் பொய்த் தகவல் அனுப்பும்.

சில நேரம் அந்தக் கற்கள் கழன்று, பக்கத்தில் தலை திரும்புவதை உணர்வதற்கென்று இருக்கும் அரைவட்டக் குழல்களுக்குள் விழுந்துவிடுவதும் உண்டு. படுத்துத் திரும்பினால், அண்ணாந்து பார்த்தால், உலகமே சுழலும். நம் பக்கத்து ஊர்களில் இதைக் காத்து கருப்பு என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுக் கயிறு கட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தலைசுற்றல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும், பலருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்தப் பெயரைக் கயிறு வாங்கிக்கொள்கிறது. கோபம் வருகிறது, ஏனென்றால் அதற்குள் அந்த மனிதர் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே கல்லைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடுவார். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை அது. மாத்திரைகூட வேண்டாம், சில நிமிடம் போதும். உள்காதின் இந்தச் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காகத்தான் ராபர்ட் பாரானிக்கு 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

சரி, எப்படி நிற்பது? பக்கவாட்டில் திரும்பி, ஜன்னலைப் பார்த்து, கால்களை அரை மீட்டர் அகட்டி நில்லுங்கள். அப்போது பஸ் போகும் திசையில் அடித்தளம் அகலமாகி, தாங்கும் அளவு 1.5-லிருந்து 3 மீ/வி² ஆகும். பிடிக்கும் இடமும் முக்கியம். 50 கிலோ எடையுள்ளவர் கால் சேர்த்து நிற்கும்போது 3 மீ/வி² பிரேக் விழுந்தால், மேலே உள்ள கம்பியைப் பிடித்திருப்பவரின் கையில் விழும் இழுப்பு சுமார் மூன்றரை கிலோ. சீட்டின் முதுகுக் கம்பியைப் பிடித்திருந்தால் ஏழு கிலோ. நெம்புகோல் கணக்குதான்: பிடி உயர உயர இழுப்பு குறையும். ஆனால் உயரக் கம்பி எட்டாதவர்கள் யார்? குள்ளமான பெண்கள், பிள்ளைகள், தோள்பட்டை வலியுள்ள பெரியவர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பையும் கூடையுமாக ஏறும் பெண்கள் இன்று அதில் நிறைந்திருக்கிறார்கள். பிடியின் உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதை அளக்கப் பெரிய நிதிகூடத் தேவையில்லை. நம் போனிலேயே வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி இருக்கிறது. அதிலும் மிகச் சிறிய சிலிக்கன் துண்டு ஒன்று, காதின் கல்லைப் போலவே, பின்தங்கி நகர்ந்துதான் அளவு சொல்கிறது. செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு மாணவர் குழு டவுன் பஸ்களில் ஏறி பிரேக்கின் அளவுகளையும் கம்பியின் உயரங்களையும் பதிவு செய்தால், எந்த ஊர் விஞ்ஞானியும் மதிக்கும் வேலை அது. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

சீட் கொடுப்பதிலும் நேரம் பார்க்க வேண்டும். பஸ் நிற்கும்போதே கொடுங்கள். ஓடும் பஸ்ஸில் "வாங்கம்மா, உட்காருங்க" என்று தூரத்திலிருந்து கூப்பிட்டால், அவர் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம்தான் கூடும். இறங்கும்போது இன்னும் ஆபத்து. கண்டக்டர் சத்தம் போடுவார் என்று பயந்து பெரியவர்கள் ஒரு ஸ்டாப் முன்னதாகவே எழுந்துவிடுகிறார்கள். சரியாக பிரேக் விழும் நேரத்தில் அவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள். "உட்காருங்க பாட்டி, நின்னதும் எறங்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் இறங்கிய பிறகு விசில் கொடுத்தால் பஸ்ஸுக்குக் கூடுதலாக ஆவது சில வினாடிகள்தான்.