கரையில் ஒதுங்கும் உருளை கழன்று விழுந்த பாகமல்ல

சென்ற மாதம் கிழக்குக் கரையோர மீனவ ஊர் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு புகைப்படம் வந்தது. முக்கால் பாகம் அறுபட்ட உலோக உருளை ஒன்று மணலில் கிடந்தது. அருகில் இரும்பறுக்கும் பிளேடு. உள்ளே செம்புக் கம்பி இருக்கும் என்று நம்பி அறுத்த இளைஞருக்கு இரண்டு விரல்கள் வெந்துவிட்டன. புஸ்ஸென்று புகை வந்ததாகவும், கந்தகம் எரிந்தாற்போல் நெடி அடித்ததாகவும் உடனிருந்தவர்கள் சொன்னார்கள். எத்தனை முறைதான் இதைச் சொல்வது என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த உருளையின் பெயர் சோனோபாய்; நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியைக் கேட்பதற்காக விமானத்திலிருந்து கடலில் போடப்படும் கருவி. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் இயங்கும் கடற்படையின் 312ஆம் விமான அணியில், இவை அனுப்பும் ஒலியைக் காதுக்கருவியில் கேட்டுப் பிரித்தறியும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஆகவே, "விமானத்திலிருந்து ஏதோ பாகம் கழன்று விழுந்துவிட்டது, என்ன பராமரிப்போ" என்று ஒவ்வொரு முறையும் பரவும் பேச்சு என்னை மிகவும் வருத்துகிறது. அது கழன்று விழுவதில்லை; வேண்டுமென்றே, இடம் கணித்து, பாராசூட்டுடன் போடப்படுவது. மேலே பறக்கும் விமானத்தின் ரேடார் ஆழ்கடலில் உள்ள நீர்மூழ்கியைக் கண்டுபிடித்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். ரேடார் அலை உப்புநீரின் மேற்பரப்போடு நின்றுவிடும். ஒளியும் ஆழத்துக்குப் போகாது. நீருக்குள் நெடுந்தூரம் செல்வது ஒலி ஒன்றுதான், அதுவும் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில். எனவே கடலுக்குள் ஒரு காதை இறக்கியாக வேண்டும். உருளை நீரைத் தொட்டதும் மிதவை மேலே நிற்க, ஒலிவாங்கி கம்பியில் கீழே இறங்கி, கேட்பதை வானொலி வழியாக விமானத்துக்கு அனுப்பும். குறித்த நேரம் முடிந்ததும் தானே மூழ்கிவிட வேண்டும். மூழ்காமல் போகும் சிலவே கரைக்கு வருகின்றன.

இந்த அணி 1976 நவம்பரில் கோவாவில் தொடங்கப்பட்டபோது அதனிடம் இருந்தவை, ஒரு காலத்தில் ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிச் சென்று, பின்பு விமானப்படையிடம் இருந்து கடற்படைக்கு வந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள். 1988இல் சோவியத் நாட்டிலிருந்து டி.யு.-142எம் விமானங்கள் எட்டு வந்தன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள். அந்த அதிர்வு தரையிறங்கிய பிறகும் உடம்பில் இருக்கும். 1992இல் அணி அரக்கோணத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே நான்கு கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுதளம் இருக்கிறது. 2017 மார்ச் 29 அன்று அந்த விமானங்கள் விடைபெற்றபோது 29 ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 மணி நேரம் விபத்தின்றிப் பறந்திருந்தன. பராமரிப்பைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 2013 மே மாதம் முதல் வரத் தொடங்கிய போயிங் பி-8ஐ ஜெட் விமானங்களே இப்போது அந்தப் பணியைச் செய்கின்றன. ஒரு பறப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட சோனோபாய்களைக் கொண்டு செல்லக்கூடியவை.

இனி, கரையில் உருளையைக் கண்டால் செய்ய வேண்டியது. தொடாதீர்கள். அறுக்காதீர்கள், நெருப்பில் போடாதீர்கள், பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சிலவற்றில் லித்தியம் மின்கலம் இருக்கும். அது கிழிந்தால் நச்சுவாயு வரும், வெடிக்கவும் செய்யும். பார்ப்பதற்கு இதைப் போலவே இருந்து, ஒலி எழுப்புவதற்காக வெடிமருந்து அடைக்கப்பட்ட கருவிகளும் உண்டு. இரண்டையும் வெளித்தோற்றத்தில் பிரித்தறிய எங்களைப் போன்றவர்களே தயங்குவோம். எந்த நாட்டுக் கடற்படையுடையது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சிறுவர்களை விலக்கிவிட்டு, காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வலையில் உருளை சிக்கிவிட்ட மீனவ அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள்: வலை பிய்ந்துவிடுமே என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் உருளையைப் படகின் தரையில் அடித்து விடுவிக்க வேண்டாம். எஞ்சின் பக்கமும் அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாமல், நடுக்கடலிலேயே கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையோ வயர்லெஸ்ஸிலோ அழைத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.