வீட்டில் வாயாடி, வகுப்பில் ஊமை

போன ஜூலை மழையில் மூணாறுப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் லைன்மேன் வந்தார். லைனை ஆஃப் செய்யச் சொல்லி செக்‌ஷன் ஆபீசுக்கு மலையாளத்தில் போன் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் சொல்ற வரைக்கும் மெயின் ஸ்விட்சைத் தொடாதீங்க டீச்சர்" என்றார். தொடவில்லை. ஒன்றாம் வகுப்பில் என் பேச்சை அவன் கேட்டதைவிட நான் ஒழுங்காகவே கேட்டேன்.

ஆமாம், என் பழைய மாணவன்தான். எங்கள் எஸ்டேட் தமிழ் எல்.பி. பள்ளிக்கு, அதாவது தொடக்கப் பள்ளிக்கு, வரும்போதே 'மக்கு' என்ற பட்டத்தோடு வந்தவன். அதற்கு முன் ஒரு வருஷம் ஜீப்பில் போய் இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தான். ஆஜர் கூப்பிட்டால் ஒரு விரல் மட்டும் மேலே போகும், சத்தம் வராது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போய் அவன் அம்மாவிடம் கேட்டேன். "அய்யோ டீச்சர், வீட்ல வாய் மூடவே மாட்டான்!"

வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளை வகுப்பில் ஊமையானால், வகுப்பின் பாஷையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நான் பாடப் புத்தகத்தை மூடிவைத்தேன். கவாத்துப் படாத, அதாவது கிளை வெட்டாத, ஓரச் செடிகளில் தேயிலை காய்த்திருந்தது. காய்களைப் பொறுக்கி வந்து உடைத்து எண்ணச் சொன்னேன். "டீச்சர், இதுல மூணு விதை இருக்கு, அதுல ஒன்னுதான் இருக்கு." வகுப்பில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

புது மொழிக்குள் போகும் குழந்தை சில மாதம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது சகஜம். ஆறு வயதில் எழுத்தை இடவலமாகத் திருப்பி எழுதுவதும் சகஜம்தான். ஆனால் வீட்டிலும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறது என்றால் காத்திருக்காதீர்கள். காதையும் கண்ணையும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதில் நானே கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு பெண்பிள்ளையைச் சோம்பேறி என்று நினைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். மூன்றாம் வகுப்பில்தான் அவளுக்குக் கண்ணாடி வந்தது. இன்று கோயம்புத்தூரில் நர்ஸ். பார்த்தால் பாசமாகத்தான் பேசுகிறாள். 'நான் படிக்க வைத்த பிள்ளை' என்று சொல்லிக்கொள்ள எனக்குத்தான் நா எழவில்லை.

தமிழில் ஆரம்பித்தால் கேரளத்தில் பிழைக்க முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது எங்கள் மூணாறு இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும், தமிழர் நிறைய இருந்தும், கேரளத்தில் நின்றன. அதே வருஷம் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் படிக்க ஏற்பாடு செய்யச் சொல்கிறது. யாரும் போட்ட பிச்சை இல்லை. மலையாளம் வருமா என்றால், அந்த போன் பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"வந்துருச்சா டீச்சர்?" வெளியிலிருந்து சத்தம். "வந்துருச்சுடா!"

கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே கேட்டான்: "பாப்பாவை அடுத்த வருஷம் எங்க சேக்கலாம் டீச்சர்? இங்கிலீஷ் மீடியம்னா ஜீப் வாசலுக்கே வருது."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "யோசிக்கிறேன் டீச்சர்" என்று சிரித்துவிட்டு, ஈரக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த போஸ்ட்டுக்கு நடந்தான்.