முடிவு தெரிந்த கதை ஏன் இழுத்துப் பிடிக்கிறது?

மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் மதுரை வீரனுக்குக் கோயில் உண்டு. எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரமும் அதற்கு விலக்கன்று. அவன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட கதையைப் பாட்டியிடம் கேட்ட, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள், முடிவு நன்றாகத் தெரிந்திருந்தும் மறுபடி கேட்டார்கள்; வெட்டும் கட்டம் நெருங்கும்போது, இம்முறையாவது தப்பிவிட மாட்டானா என்று பதறினார்கள். ஆனால் இன்று இங்கே சிறுகதை எழுத முனையும் இளைஞர்களில் பலர், முடிவைக் கடைசி வரிவரை ஒளித்து வைப்பதே கதைத் திறன் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை அவர்களுடைய நல்ல கதைகளையும் கெடுத்துவிடுகிறது என்பது என் கருத்து.

தெரிந்த முடிவுக்கு மனம் ஏன் பதறுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் சோதனை முறையில் ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபர் ஆனார் என்பது அங்குள்ள சிறுவர்களுக்கும் தெரியும். அவர் பதவி ஏற்பாரா என்ற ஐயத்தைக் கிளப்பும் சிறு பத்தியைப் படித்தவர்களோ, அந்தத் தெரிந்த உண்மையைச் சரி என்று உறுதிப்படுத்தக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். இதற்குக் கெரிக் கூறும் விளக்கம் எளியது. வாழ்வில் எந்த நிகழ்ச்சியும் அச்சுப் பிசகாமல் இரண்டாம் முறை நடப்பதில்லை. ஆகவே கண்முன் நடப்பதைப் புதிதாகவே எதிர்கொள்ளப் பழகிய மனம், கதைக்குள் இருக்கும்போது விடையை நினைவிலிருந்து தானாகத் தேடி எடுப்பதில்லை.

சிலப்பதிகாரம் இந்த இயல்பின் மீதே நிற்கிறது. கோவலன் கொலையுண்பதையும் மதுரை எரிவதையும் பதிகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. பிறகு கனாத்திறம் உரைத்த காதையில், கோவலனுடன் ஒரு பெரிய நகருக்குச் சென்றதாகவும், அங்கே ஊரார் பொருந்தாத பழி சுமத்தியதாகவும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டுத் தான் அரசன்முன் வழக்குரைத்ததாகவும், அரசனுக்கும் ஊருக்கும் கேடு விளைந்ததாகவும் தான் கண்ட கனவைக் கண்ணகி தேவந்தியிடம் கூறுகிறாள். அதே காதையில் கோவலன் வீடு திரும்பி, பொருள் இழந்த வறுமை தனக்கு நாணம் தருவதாகச் சொல்ல, மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் என்று எண்ணிய கண்ணகி முகம் மலர்ந்து, ‘சிலம்புள கொண்ம்’ என்கிறாள். கனவைக் கேட்டிராத வாசகனுக்கு அது ஒரு மனைவியின் பெருந்தன்மை மட்டுமே; கேட்டவனுக்கோ, தடுக்க இயலாத கேட்டின் முதல் அடி. சொற்கள் மாறவில்லை, அவற்றுக்கு முன்னால் வாசகனுக்குக் கொடுக்கப்பட்ட செய்தியே அவற்றின் எடையை மாற்றுகிறது.

2011-இல் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகிய உளவியலாளர்கள் 12 சிறுகதைகளைக் கொண்டு செய்த ஆய்வில், முடிவு முன்னரே தெரிந்த கதைகளையே வாசகர்கள் கூடுதலாக ரசித்தனர். இதற்கு மாறான விளைவைக் காட்டிய ஆய்வுகளும் பின்னர் வந்தன; ஆதலால் எல்லாக் கதைகளையும் முடிவிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

நம் மண்ணிலேயே ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். அஞ்சலை இருட்டோடு ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகிறாள். காட்டுப்பன்றிக்காக யாரோ இழுத்துவைத்த மின்கம்பி அவள் வெட்டும் மரவரிசையான நிரையின் ஓரத்தில் கிடக்கிறது. கம்பியைக் கடைசி வரியில் காட்டினால் வாசகன் ஒரு கணம் திடுக்கிடுவான். முதல் பத்தியிலேயே காட்டிவிட்டால், உளி பட்டையில் சரிவாக இறங்குவதும், பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்த ஒட்டுப்பாலை அவள் உரித்தெடுப்பதும், அடுத்த மரத்துக்கு நகர்வதும் ஒவ்வொன்றாக அவன் நெஞ்சை அழுத்தும். வேலை விவரங்கள் வெறும் வருணனையாகத் தேங்காமல் இருக்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

அவள் ஏன் இருட்டில் போகிறாள் என்பதும் கதைக்குள் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகி, மரத்தின் பால்நாளங்களில் உள்ளழுத்தம் குறைந்து, பால் குறைவாக வடியும்; அந்தக் குறைவு அவளுடைய கூலியில் தெரியும். உளவியலாளர்கள் டிரபாசோவும் வான் டென் புரூக்கும் 1985-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காரண காரியத் தொடர்புகள் மிகுந்த நிகழ்ச்சிகளையே வாசகர்கள் முக்கியமானவையாகக் கருதுகிறார்கள், நன்றாக நினைவிலும் வைத்திருக்கிறார்கள். மரத்தின் இயல்பு, கூலி, இருட்டு, கம்பி என்று ஒன்றையொன்று பற்றி நிற்கும்போது, அஞ்சலையின் நடை தற்செயலாகத் தோன்றாது.

அச்சத்தை இவ்வளவு தூரம் வளர்த்தபின், முடிவை நீட்டத் தேவையில்லை. வழக்குரை காதையில் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி, தங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மணி அரசன் வாய்முதல் தெறிக்கிறது. காதைதோறும் தேக்கிய அச்சத்தை இளங்கோ சில அடிகளில் திறந்துவிடுகிறார். அஞ்சலையின் கதையிலும் நிரை நெடுக நடப்பதற்குப் பக்கங்களைக் கொடுத்து, கம்பிக்கு இரண்டே வாக்கியங்களை ஒதுக்கி எழுதிப் பாருங்கள்.