ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி: பழைய சிந்தசைசர்களின் விலையும் வசீகரமும்

மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான அனலாக் சிந்தசைசரில் ஒரு கட்டையை அழுத்தியதும் முதலில் பிறப்பது ஒரு மின்னழுத்தம். ஒலி அதற்குப் பின்னர்தான். 1960-களின் நடுவில் ராபர்ட் மோக் உருவாக்கிய கருவிகளில் நிலைபெற்ற வழக்கப்படி, மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுரம் ஒரு ஸ்தாயி மேலேறும். ஒலியலையைப் பிறப்பிக்கும் சுற்றான அலையியற்றிக்குள், மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு மின்தேக்கி மீண்டும் மீண்டும் நிரம்பிக் காலியாகிறது. அதை நிரப்பும் மின்னோட்டம் இருமடங்கானால் அதிர்வெண்ணும் இருமடங்காகும்.

ஒவ்வொரு வோல்ட்டுக்கும் மின்னோட்டத்தை இருமடங்காக்கும் வேலையை டிரான்சிஸ்டர் தன் இயல்பாலேயே செய்கிறது. அறை வெப்பநிலையில் அதன் கட்டுப்பாட்டு முனையான அடிவாயில் ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. அந்த 18 மில்லிவோல்ட், வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறுந்தோறும் சுமார் 0.33 விழுக்காடு மாறுகிறது. ஈடுசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லையெனில், ஐந்து பாகை ஏறிய அறையில், மூன்று ஸ்தாயி தள்ளி வாசிக்கும் சுரம் அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் பிசகிவிடும். இதைத் தடுக்கவே, ஒத்த பண்புள்ள டிரான்சிஸ்டர் இணைகளும் வெப்பத்துக்கேற்ப மாறும் சிறப்பு மின்தடைகளும் சேர்க்கப்பட்டன, செலவும் கூடியது.

1970-இல் வந்த மோக்கின் மினிமோக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். 1978-இல் வெளியான புராஃபெட்-5 ஐந்து சுரங்களைச் சேர்ந்து ஒலிப்பதற்காக, சுரத்துக்கு இரண்டாகப் பத்து அலையியற்றிகளையும் ஒலியின் சில அதிர்வெண்களைக் குறைக்கும் ஐந்து வடிகட்டிகளையும் சுமந்தது. அவை ஒன்றோடொன்று இம்மியளவு விலகி நிற்பதால்தான் அந்த ஒலி தடித்து, உயிரோட்டத்துடன் கேட்கிறது என்பது என் கருத்து.

1983-இல் யமஹா டிஎக்ஸ்7 எண்முறை (டிஜிட்டல்) ஒலியைப் பரவலாக்கியதும் அனலாக் கருவிகள் மலிவாகக் கைமாறத் தொடங்கின. பாஸ் கிதாருக்கு மாற்றாக விற்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்ற ரோலண்ட் டிபி-303 அவ்வாறு கிடைத்த ஒன்று. சிகாகோ இளைஞர்கள் அதன் வடிகட்டியை வாசிக்கும்போதே திருகி, ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையைப் பிறப்பித்தனர். தேவை திரும்பியபோது உற்பத்தி திரும்பவில்லை, விலை ஏறியது.

வாங்கியதோடு செலவு முடிவதில்லை. திரவம் ஊறிய மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்கின்றன. கோர்க் பாலிசிக்ஸில் நினைவகத்தைக் காக்கும் மின்கலம் கசிந்து, சுற்றுப்பலகையையே அரித்துவிடும். ரோலண்ட் ஜூனோ-106-இல் பிசின் பூசிய ஒலிச் சில்லுகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். பழுதான கருவியை மலிவாக வாங்குவதைவிட, பழுது நீக்கியதைக் கூடுதல் விலைக்கு வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம். கையில் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

மாடுலர் வகையில் செலவின் கணக்கே வேறு. அலையியற்றி, வடிகட்டி, ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பெருக்கி ஆகியவை தனித்தனிப் பெட்டகங்களாக விற்கப்படுகின்றன. கம்பி வடங்களால் அவற்றை இணைப்பது வாங்கியவரின் பொறுப்பு. ஒலியும் கட்டளையும் ஒரே மின்னழுத்தம் என்பதால், எதன் வெளியீட்டையும் எதன் உள்ளீட்டிலும் செருகிப் பார்க்கலாம். தயாரித்தவர் எண்ணியிராத ஒலி பிறக்கும் வாய்ப்பே இதன் முதன்மையான ஈர்ப்பு. 1990-களின் நடுவில் டீட்டர் டோப்ஃபர் வகுத்த யூரோராக் முறை உயரம், அகலம், மின்வழங்கல் ஆகியவற்றுக்குப் பொது அளவு தந்ததால், சிறு பட்டறைகளும் களமிறங்கின. சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் பொருள் மலிவாக இருக்காது. சட்டகத்தில் எஞ்சியிருக்கும் வெற்றிடமோ அடுத்த பெட்டகத்துக்கான அழைப்பாகவே தோன்றும்.

சுருதி விலகலை ஒழிக்கப் பொறியாளர்கள் பல்லாண்டுகள் உழைத்தனர். 1980-இல் புராஃபெட்-5 ஏற்றுக்கொண்ட கர்ட்டிஸ் நிறுவனச் சில்லுகள் அதைப் பெருமளவு அடக்கின. 2020-இல் மறுபிறவி எடுத்த அதே கருவியின் முகப்பில் 'வின்டேஜ்' என்றொரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பினால் பழைய விலகல் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பி வரும்.