அமெரிக்க விமான ஊழியர்களின் சம்பள ஒப்பந்தம்: ஓட்டுப் போடும் முன் எதைக் கேட்டு வாங்கலாம்?

அமெரிக்க விமான நிறுவனங்களில் சம்பளப் பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் இழுப்பதற்குப் பெரிய காரணம் சட்டமே. 1926-ல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டத்தை 1936-ல் விமானத் துறைக்கும் விரித்தார்கள். இதன்படி சம்பள ஒப்பந்தம் காலாவதியாகாது. குறித்த தேதி வந்தால் அதைத் திருத்தலாம், அவ்வளவுதான். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை பழைய சம்பளம்தான்.

மாற்றம் கேட்கும் தரப்பு 30 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நேரடிப் பேச்சில் முடியாவிட்டால் அரசு அமைப்பான தேசிய மத்தியஸ்த வாரியத்திடம் போகலாம். அங்கே காலக்கெடு கிடையாது. இனிப் பேசிப் பயனில்லை என்று வாரியம் கருதி, நடுவர் தீர்ப்புக்கு விடச் சொல்லி, அதை ஒரு தரப்பாவது மறுத்தால்தான் 30 நாள் பொறுத்திருக்கும் காலம் தொடங்கும். வேலைநிறுத்தம் அதற்கும் அப்புறம். அப்போதும் அதிபர் அவசரக் குழு அமைத்துத் தடுக்கலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் வேலைநிறுத்தத்தை, தொடங்கிய சில நிமிடங்களிலேயே அதிபர் கிளிண்டன் அப்படித்தான் நிறுத்தினார்.

இத்தனை காலமும் பேச்சு மூடிய அறைக்குள் நடக்கிறது. வெளியே இருக்கும் ஊழியருக்கு நிறுவனத்தின் அறிக்கை ஒன்று, சங்கத்தின் அறிக்கை ஒன்று. சந்தேகம் வளர வேறென்ன வேண்டும்?

உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று மத்திய சட்டம் எங்கும் சொல்லவில்லை. பலரும் கவனிக்காத விஷயம் இது. அந்த உரிமை சங்கத்தின் அமைப்பு விதிகளில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காண்டினென்டல் விமானிகளின் வேலைநிறுத்தத்தை 1985-ல் சங்கம் உறுப்பினர் ஓட்டு இல்லாமலே முடித்துவைத்தது. அதிருப்தியடைந்த விமானிகள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லோரையும் நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமை பேச்சுவார்த்தையிலும் சங்கத்துக்கு உண்டு. ஆனால் பாரபட்சம், கெட்ட எண்ணம், காரணமே இல்லாத முடிவு இவற்றில் ஒன்றைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். ஒப்பந்தம் மோசம் என்பது மட்டும் போதாது. ஆகவே சங்கத்தின் அமைப்பு விதிகளை முதலில் வாங்கிப் படியுங்கள்.

அடுத்து, தற்காலிக ஒப்பந்தத்தின், அதாவது இரு தரப்பும் பேசி முடித்து உங்கள் ஓட்டுக்கு வரும் ஒப்பந்தத்தின், முழு வாசகம். சுருக்கத்தை மட்டும் நம்பி ஓட்டுப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 50 டாலர், மாதத்துக்கு 75 மணி நேரச் சம்பளம் உறுதி என்று வைத்துக்கொள்வோம்: 3,750 டாலர். புதிய ஒப்பந்தத்தில் மணிக்கு 55 டாலர். சுருக்கத்தில் '10 சதவீத உயர்வு' என்று இருக்கும். உள்ளே ஏதோ ஒரு பிரிவில் உறுதி நேரம் 68 மணியாகக் குறைந்திருந்தால் கைக்கு உறுதியாக வருவது 3,740 டாலர்தான். உயர்வும் உண்மை, குறைவும் உண்மை! விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. மணிச் சம்பளம் வழக்கமாகப் பறக்கும் நேரத்துக்குத்தான்; பயணிகளை ஏற்றும் நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் உண்டா, எந்த விகிதத்தில் என்று பாருங்கள். பேச்சு இழுத்த காலத்துக்கு அரியர்ஸ் உண்டா, யாருக்கு என்பதையும் விடாதீர்கள்.

கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலைக் கேட்பது சட்ட உரிமை. 1959-ம் ஆண்டுத் தொழிற்சங்க வெளிப்படைச் சட்டத்தின்படி, அந்த ஒப்பந்தம் யாருடைய வேலையை நேரடியாகப் பாதிக்கிறதோ அவர் கேட்டால் சங்கம் தர வேண்டும். அவர் உறுப்பினராக இல்லாவிட்டாலும் சரி. சங்கத்தின் வரவு செலவும் ரகசியமல்ல. தொழிலாளர் துறைக்கு ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் அறிக்கையை யாரும் பார்க்கலாம். நிர்வாகிகளின் சம்பளம்கூட அதில் இருக்கும். அதில் சந்தேகம் வந்து, தக்க காரணமும் இருந்தால், உறுப்பினர் கணக்குப் புத்தகங்களையே பரிசோதிக்கக் கேட்கலாம். மறுத்தால் நீதிமன்றம் போகலாம்.

கேட்பதை வாயால் கேட்காமல் தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள். சங்கம் நியாயமாக நடக்கவில்லை என்று வழக்குப் போடுவதாக இருந்தால் பொதுவாக 6 மாதம்தான் அவகாசம்.