பொலிஸ்காரர் கடமையில் இறந்தால் வீட்டாருக்கு என்ன உரித்து?

மார்ச் 21 இலங்கையில் பொலிஸ் வீரர்கள் தினம். 1864-இல் அதே நாளில், கொள்ளைக்காரன் சரதியேலைப் பிடிக்கப் போன இடத்தில், மாவனல்லையில் சுடப்பட்டு இறந்த கான்ஸ்டபிள் சபானை நினைத்து வந்த நாள் அது. வன்னியில் வீரர் நாள் என்றால் மனம் கார்த்திகை மாவீரர் நாளுக்குத்தான் ஓடும். மார்ச் நாள் பொலிஸ் நிலைய வாசலோடு முடிந்துவிடும். ஆனால் நம்முடைய பிள்ளைகளும் இப்போது அந்தச் சீருடை போடுகிறார்கள். 2017 ஜூலையில் நல்லூரில் சுடப்பட்டு இறந்த தன் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ்காரரின் மனைவிக்கு முன்னால் நீதிபதி இளஞ்செழியன் மண்டியிட்டு அழுத படத்தை யாரும் மறக்கவில்லை. அழுது முடிந்த பிறகு வீட்டாருக்கு முன்னால் நிற்பது கடதாசி வேலை. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

காசு இரண்டு வழியாக வரும். ஒன்று நட்டஈடு. இதற்கு அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கைகள் உண்டு: பயங்கரவாதச் செயலால் இறந்த அரச ஊழியருக்கு 21/88, கடமைநேர விபத்துக்கு 22/93. எதற்குள் வருகிறது என்பதை வைத்தே தொகையும் முறையும் மாறும். அதனால் மரணம் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்பதை முதல் வாரங்களிலேயே பார்த்துவிடுங்கள். நிலையத்தை விட்டு வெளிக்கிடும்போது, எங்கே, எதற்காகப் போகிறேன் என்று தகவல் புத்தகத்தில் குறிப்புப் போடுவது வழக்கம். மணல் ஏற்றும் டிப்பரை மறிக்க இரவு பத்து மணிக்குப் போனவர் திரும்பி வராவிட்டால், கடமையில்தான் இருந்தார் என்பதற்கு அந்த இரண்டு வரி பெரிய சாட்சி. மரண விசாரணை அறிக்கையும் மரணச் சான்றிதழும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

மற்றது விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியம். ஊரில் 'விதவைப் பென்சன்' என்போம். இது யாருடைய தயவும் இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிய காசு. எப்படி இறந்தாலும் இந்த உரித்து போகாது. பென்சன் உத்தியோகத்தர் பிரதேச செயலகத்திலேயே இருக்கிறார். கடைசியாக வேலை செய்த இடத்திலிருந்து சுயகோவை (அவருடைய வேலைக் கோப்பு) போய்ச் சேர்ந்தால்தான் விண்ணப்பம் நகரும். எனவே நிலையத்தோடு தொடர்பை விட்டுவிட வேண்டாம். பென்சன் பற்றிக் கேட்க 1970 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம்.

வன்னியில் இடறுவது விவாகச் சான்றிதழில். கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற கலியாணங்கள் இங்கே நிறைய. பதிந்தவர்களிலும் பலர் 2009 யுத்தத்தில் பெட்டியோடு எல்லாவற்றையும் தொலைத்தவர்கள். தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் பிரதி எடுக்கலாம். பதியாத கலியாணம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கணவன் போன பிறகு அதை நிரூபிக்க நீதிமன்றம்வரை அலைய நேரலாம். உயிரோடு இருக்கும்போதே போய்ப் பதிந்துவிடுங்கள். இதை நான் வெட்கப்படாமல் எல்லா வீட்டிலும் சொல்வேன்.

பெயர் எழுத்தும் அப்படித்தான். சொந்தக்காரப் பெண் ஒருவருக்காக நான் ஒரு அலுவலகத்தில் நின்றேன். அடையாள அட்டையில் 'லோஜினி', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'யோகினி'. சொப்பிங் பையிலிருந்து அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, எழுதுநர் இரண்டு பெயரையும் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். அந்த இரண்டு எழுத்துக்காக நான்கு முறை பஸ் ஏறினோம்.

சிங்களத்தில் கடிதம் வந்தால் பயந்து கிடப்பில் போட வேண்டாம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பிலேயே இடம் இருக்கிறது. கோவை எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால், 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள்.