சுவரைக் குடையாதீர்கள்: லெவல் கட்டும் பிரஷ்கள்

1996-இல் வந்த குவேக் வீடியோ கேம் முதல் கேம்களை இயக்கும் சோர்ஸ் எஞ்சின் வரை, லெவலின், அதாவது ஆட்டம் நடக்கும் இடத்தின், உடம்பு பிரஷ்களால் ஆனது. தட்டையான முகங்கள் சூழ்ந்து அடைத்த திடப்பொருள்தான் பிரஷ். அதில் எங்கும் உட்குழிவு இருக்கக் கூடாது. எல் வடிவச் சுவர் வேண்டுமா, இரண்டு பிரஷ் போடுங்கள். வெர்டெக்ஸை, அதாவது மூலைப் புள்ளியை, பிடித்து இழுத்து ஒரே பிரஷ்ஷை வளைத்தால், வரைந்ததை ஆடக்கூடிய லெவலாக மாற்றும் கம்பைலுக்குப் பின் சில முகங்கள் காணாமல் போயிருக்கும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது கதவு வழியில்தான். முழுச் சுவரை எழுப்பி, ஒரு பிரஷ்ஷின் வடிவில் இன்னொன்றை வெட்டும் கார்வ் கருவியால் குடைந்துவிடுகிறார்கள். பெட்டியால் குடைந்தால் ஒருவேளை தப்பலாம். உருளையால் குடைந்தால் சுவர் கோணல்மாணலான சில்லுகளாக உடையும், மூலைகள் எடிட்டரின் கட்டக் கோடுகளான கிரிட்டை விட்டு விலகும். கையாலேயே கட்டுங்கள். 256 யூனிட் (எஞ்சினின் நீள அலகு) அகலம், 128 உயரச் சுவருக்கு இருபுறமும் 96 அகலத் துண்டுகள், நடுவில் 64 அகல வழி, அதன் தலைக்கு மேல் 16 உயரத் துண்டு. மூன்றே பிரஷ். சோர்ஸில் ஆட்டக்காரரின் அளவு 32 அகலம், 72 உயரம், தாராளமாக நுழையலாம்.

கிரிட் 16 அல்லது 8-இல் இருக்கட்டும். மூலைகள் பின்னத்தில் நின்றால் மயிரிழை இடைவெளி விழ வாய்ப்புண்டு. வெளிச் சுவரில் விழுந்தால் அதுதான் லீக். எங்கிருந்து எது தெரியும் என்ற விஸ் கணக்கு அதோடு நின்றுபோகும்; மறைந்திருக்கும் அறைகளையும் எஞ்சின் வரையும், ஃபிரேம் வேகம் சரியும், ஒளியும் கெடும். ஓட்டைக்கு வழி காட்டும் பாயின்ட்ஃபைலை எடிட்டரில் ஏற்றி, சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் அந்த ஓட்டையை மட்டும் மூடுங்கள். லெவல் முழுவதையும் பெரிய பெட்டிக்குள் அடைப்பவர்கள் பலர். லீக் செய்தி மறையும் என்பது உண்மை. ஆனால் சுவர்களின் வெளிமுகங்களும் கணக்கில் சேர்ந்து, கம்பைல் நேரம் பெருத்துப்போகும். தயவுசெய்து வேண்டாம்.

தூண், சட்டம், படிக்கட்டு போன்றவற்றை விஸ் கணக்கில் சேராத டீட்டெயில் பிரஷ் ஆக்குங்கள். இல்லையேல் ஒவ்வொன்றும் இடத்தைக் கூறுபோட்டு விஸ் நேரத்தை இழுக்கும். டீட்டெயில் பிரஷ் லீக்கை அடைக்காது. மேடுபள்ளமான டிஸ்ப்ளேஸ்மென்ட் தரையும் அடைக்காது, அடியில் சாதாரண பிரஷ் அவசியம்.

படிக்கு 8 உயரம், 12 ஆழம் வசதியான அளவு. உயரம் 18-ஐத் தாண்டினால் குதித்துத்தான் ஏற வேண்டும். படிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஆட்டக்காரரைத் தாங்கும் பிளேயர்கிளிப் சரிவு ஒன்றைப் போட்டால் நடக்கும்போது பார்வை குலுங்காது. அந்தச் சரிவு ஏறத்தாழ 34 பாகை வரும். நடந்து ஏறும் வரம்பு 45-ஐ ஒட்டியிருப்பதால் சிக்கல் இல்லை.